கிழிந்த லேபிளோடு வந்த சிவப்புப் பெயின்ட்

2023 செப்டம்பர் கடைசியில், பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள தோணிரேவு கிராமத்தில், பெருமாள் பிளைவுட்டில் செய்த சிறு படகு கவிழ்த்தபடி கிடந்தது. அடிப்பூச்சு மட்டும் பாக்கி.

பெருமாளும் அவர் மனைவி எல்லம்மாவும் பச்சை நண்டு பிடிப்பவர்கள். அதுவரை இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே பிடித்தார்கள். சிப்பித் திட்டுகளில் கால் கிழியும். படகு இறங்கினால் அந்தத் தொல்லை குறையும். ஆனால் எதையும் பூசாத பலகையைச் சிப்பி அறுத்துவிடும். அதற்குத் தப்பினாலும் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிர் ஓடு ஓடாக ஒட்டி வளர்ந்து படகைக் கனக்க வைத்துவிடும்.

பொன்னேரிக் கடைக்காரர் ரெசினும் ஃபைபர் மேட்டும் போடச் சொன்னார். சரக்கு வர நாளாகும் என்றார். அந்த வாரத்தில்தான் எல்லம்மாவின் தம்பி சரவணன் ஒரு சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்தான். துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். டப்பாவின் லேபிள் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது.

“கப்பல் அடியில பூசுறது, மாமா. கொட்டலசு கிட்டவே வராது.”

“ஏன் வராது?” என்றாள் எல்லம்மா.

“வராதுன்னா வராது. பாத்தாலே பயந்துக்கும்.”

“லேபிள யார்டா கிழிச்சது? நீயா, கொட்டலசா?”

பெருமாள் மட்டும் சிரித்தார்.

“ஓடு இருக்குறத வெரட்டுதுன்னா, நண்டுக்கு மட்டும் அது இன்னா தேனா?” என்று அவள் விடாமல் கேட்டாள். பிடித்த நண்டுகளை வலைப்பையில் போட்டுப் படகின் அடியோடு ஒட்டித் தண்ணீரில் கட்டித் தொங்கவிடுவதுதான் அவர்கள் பக்கத்து வழக்கம். வியாபாரி ஸ்டீபன் சாயங்காலம் வரும்போது நண்டு உயிரோடு இருக்க வேண்டும். செத்த நண்டை அவர் கையால்கூடத் தொடமாட்டார்.

ஒரு பிளைவுட் துண்டில் அந்தப் பெயின்ட்டைப் பூசிக் காயவைத்தாள். இரண்டு பேசின்களில் ஏரித் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றில் துண்டைப் போட்டு, இரண்டிலும் தான் கொடுக்கு கட்டிய நண்டை ஒவ்வொன்றாக விட்டாள்.

“நண்டுக்கு ஆஸ்பத்திரி வெச்சிட்டியாக்கா?” என்றான் சரவணன்.

மறுநாள் விடிந்தபோது இரண்டு நண்டுகளும் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தன.

“பாத்தியா? கூடப் பொறந்தவன நம்ப மாட்ட நீ.”

பெருமாள் அதற்குள் ஒரு குச்சியால் பெயின்ட்டைக் கலக்க ஆரம்பித்திருந்தார். எல்லம்மா துண்டு கிடந்த பேசினிலிருந்து நண்டைத் தூக்கித் திருப்பினாள். நண்டின் கொடுக்குகளைக் கட்டுவதில் ஆளுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. அவள் முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுவாள். இதில் முடிச்சு வயிற்றுப் பக்கம் இருந்தது.

“இது நான் கட்டுன நண்டு இல்ல” என்று தம்பியைப் பார்த்தாள். “ராத்திரி நீதான இங்க படுத்திருந்த?”

“யக்கா, எனக்கு நண்டு கட்டத் தெரியுமா? போன வருசம் கட்டப் போயி வெரல்ல தையல் போட்டுக்கினு வந்தனே, மறந்துட்டியா?”

எல்லம்மா மறக்கவில்லை. குச்சி டப்பாவுக்குள் சுற்றுவது நின்றிருந்தது. வீட்டில் வயிற்றுப் பக்கம் முடிச்சுப் போடுகிறவர் ஒருவர்தான்.

“யோவ்” என்றாள்.

பெருமாள் நிமிரவில்லை. “செத்துதான் கெடந்துச்சி. வேலியாண்ட போட்டுட்டேன்.”

“வேற நண்ட ஏன் வெச்ச?”

“மொத மழைக்கு நண்டு ஏறும். அதுக்குள்ள படகு எறங்கணும்னு பாத்தேன்.”

“ஸ்டீபனுக்குக் குடுக்கறப்பவும் இப்படித்தான் மாத்தி வெப்பியா? மொத்தப் பையும் செத்தா இன்னா பண்ணுவ?”

அவர் டப்பாவை மூடினார். வேலியோரம் காக்கைகள் எதையோ இழுத்துக்கொண்டிருந்தன. எல்லம்மா பேசின் தண்ணீரை ஏரியிலிருந்து தள்ளி மண்ணில் கொட்டினாள்.

சரவணன் டப்பாவை எடுத்துக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறினான். ரெசின் வருவதற்குள் மழை தொடங்கிவிட்டது. முதல் மழையின் நண்டை இருவரும் தண்ணீரில் நடந்தே பிடித்தார்கள். ரெசின் பூசிய படகு நவம்பரில் இறங்கியது. அடியில் கொட்டலசு ஒட்டுகிறது. பெருமாள் அவ்வப்போது அதைச் சுரண்டி எடுக்கிறார்.