மழைக்கு இவ்வளவு நேராக ஒட்டத் தெரியாது

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. போன வாரம் முழுக்க மழை. துணி காயவில்லை, கதவு உப்பிப்போய்ச் சாத்த வரவில்லை. நூலகத்திலிருந்து எடுத்து வந்த தடித்த நாவலோடு உட்கார்ந்துவிட்டேன். நடுவில் சில தாள்கள் ஒட்டியிருந்தன. பிரிக்கச் சோம்பல்பட்டுத் தாண்டிப் போனேன். கதை எங்கும் இடறவில்லை, நன்றாகவே புரிந்தது. அதுதான் உறுத்தியது. உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? யாராவது வேண்டுமென்றே ஒட்டியிருந்தால்?

ஒட்டிய ஆளை மனசுக்குள் தேடப் போய்த்தான் இந்தப் புருஷன் பெண்சாதி கிடைத்தார்கள்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானம் அழுதது. அவள் உள்ளமும்..."

வேண்டாம். மழை பெய்தால் கதையில் எல்லாருக்கும் உள்ளம் அழுதாக வேண்டுமா என்ன? இவள் அழுகிற ஆளில்லை. மறுபடியும்:

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். கோடையில் பக்கவாதம் வந்து படுத்தாள். கையும் காலும் திரும்பி வந்துவிட்டன, சொற்கள்தான் அடம்பிடித்தன. நீளமான சொல் வந்தால் நாக்கு வாசலிலேயே நின்றுவிடும். வருகிற திங்கட்கிழமை அதிகாரி முன்னால் மைக்கில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால் வேலை. இல்லையென்றால் பதிவு செய்த ஒரு குரலை வைத்துக்கொள்வார்கள்.

அதனால் மழை விடும்வரை ஒரு நாவலை உரக்கப் படித்து முடிப்பது என்று இறங்கினாள். கேட்பதற்குக் கணவன். அவன் சுவரொட்டி ஒட்டுகிறவன். நனைந்த சுவரில் எதுவும் நிற்காது என்பதால் வீட்டோடு கிடந்தான்.

(தலை நரைத்த மனிதரைப் போய் 'அவன்' என்கிறேனே என்று நினைக்காதீர்கள். அவர் செய்யப்போகிற காரியத்துக்கு 'அவன்' போதும்.)

3.

"நான் திணறினா எடுத்துக் குடுக்கக் கூடாது. வாயை மூடிக்கிட்டு இருக்கணும். முடியுமா?"

"கல்யாணம் ஆன நாளா அதைத்தானே பண்றேன்."

படித்தாள். ஒரு சொல்லில் நின்றாள். தலையை நிமிர்த்தினாள்.

"உதடு அசையுது."

"கொட்டாவி விட்டேன்."

"கொட்டாவியை யாராவது இத்தனை துண்டா விடுவாங்களா?"

மறுநாள் அவன் பேசாமல் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அப்படியே கேட்டான். இதை எழுதும்போது தனியாகச் சிரித்தேன். சிரித்ததால்தான் அடுத்ததை எழுத முடியவில்லை.

5.

அன்றைக்கு அவள் வாசிப்பு வண்டி தடையில்லாமல் ஓடியது. அத்தியாயம் முடிந்ததும் அவன் திரும்பினான். "பாத்தியா, ஒரு இடத்துலகூட நிக்கல."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

"இருங்க. கதையில அந்தப் பொண்ணு சாட்சி சொல்றதுக்குக் கூண்டுல ஏறினா. அவ இறங்கவே இல்லையே. அடுத்த பக்கத்துல வீட்டுல கீரை ஆய்ஞ்சிட்டு இருக்கா."

பின்னால் புரட்டினாள். ஒரு தாள் அட்டை மாதிரி தடித்திருந்தது.

"மழை ஈரம். ஒட்டிக்கிச்சு போல," என்றான்.

அவள் ஓரமாக விரலை ஓட்டினாள். மூலைக்கு மூலை பொருந்தியிருந்தது. ஒரு சுருக்கமில்லை, ஒரு கொப்புளமில்லை.

"மழைக்கு இவ்வளவு நேரா ஒட்டத் தெரியாதுங்க."

4.

நாலு எங்கே என்று தேடியவர்களுக்கு: நானும் ஒட்டித்தான் வைத்திருந்தேன். எழுதக் கஷ்டமாக இருந்தது.

முதலில் அவனைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். 'இவள் வீட்டோடு இருந்தால் வேளைக்குச் சோறு...' பேனா நகரவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து கதை கேட்டவன் அப்படிப்பட்டவனில்லை.

நடந்தது இதுதான். அவள் குளிக்கப் போனபோது, இன்றைக்கு என்ன வருகிறது என்று புரட்டினான். நீதிமன்றம். வக்கீலின் கேள்விகள் ஒவ்வொன்றும் சரக்கு ரயில் மாதிரி நீண்டு கிடந்தன. தானே வாய்விட்டுப் படித்துப் பார்த்தான். நாக்கு பின்னிக்கொண்டது. இந்த இடத்தில் அவள் புத்தகத்தை மூடினால் அப்புறம் எதையுமே திறக்க மாட்டாள் என்று பயந்தான். கிண்ணத்தில் மாவுப் பசை கிளறினான். கோணலாக ஒட்டியிருந்தால் தப்பித்திருப்பான். அந்தக் கைக்குக் கோணல் வராது.

6.

"உனக்காகத்தான் பண்ணேன்."

"தெரியும். அதான் கோவமே." அவள் எழுந்து அடுப்பில் கெட்டிலை வைத்தாள். "திங்கக்கிழமை எனக்கு வாயில வராத ஊரையெல்லாம் இப்படியே ஒட்டிடலாமா? அந்த வண்டிக்கு நிக்கறவங்க எப்படி வீடு போய்ச் சேருவாங்க?"

ஆவி வந்ததும் தாள்களை அதில் காட்டினாள்.

"அப்படி இழுக்காதே, கிழியும். மூலையிலேர்ந்து வா."

"இதை மட்டும் சொல்லிக் குடுங்க."

பக்கங்கள் பிரிந்தன, அப்பளம் மாதிரி நெளிந்துகொண்டு. அவன் தானாகவே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் படித்தாள். வக்கீலின் முதல் கேள்வியிலேயே நின்றாள். பின்வாங்கினாள், மறுபடி போய் முட்டினாள். கெட்டில் ஆறிப்போனது. நாற்காலி திரும்பவில்லை. கடைசியில் அந்தச் சொல் துண்டு துண்டாக வந்தது. இரண்டாம் தடவை முழுசாக. அவனைப் பார்க்காமலே அடுத்த வரிக்குப் போனாள்.

7.

திங்கட்கிழமைக்கு ஒரு முடிவு எழுதினேன்: கணீரென்று வாசிக்கிறாள், நிலையமே கை தட்டுகிறது. எனக்கே கூசியது. இன்னொன்று: தடுமாறுகிறாள், பதிவுக் குரல் ஒலிக்கிறது, இருவரும் நனைந்துகொண்டே... இரண்டையும் கிழித்துவிட்டேன். இரண்டுமே பசை வேலை.

மழை விட்டிருக்கிறது. கண்ணாடி அறையில் அதிகாரி ஒரு தாளை நீட்டுகிறார். வெளியே மூட்டை முடிச்சோடு ஆட்கள் ஒலிபெருக்கியைப் பார்க்கிறார்கள். அவன் மட்டும், தான் என்றைக்கோ ஒட்டிய சுவரொட்டியைப் பார்த்தபடி, முதுகைக் காட்டி நிற்கிறான். அவள் விசையை அழுத்துகிறாள். முதல் வரி வந்துவிட்டது. இரண்டாம் வரியில் ஒரு நீளமான ஊர்ப்பெயர். நிற்கிறாள்.

எனக்கு அந்தப் பெயர் தெரியும், நான்தானே எழுதினேன். என் உதடுகூட அசைகிறது. ஆனாலும் சொல்ல மாட்டேன். நீங்களும் எடுத்துக் கொடுக்காதீர்கள், செல்லங்களா. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

மைக் திறந்துதான் இருக்கிறது. அவள் மூச்சு இழுப்பது கேட்கிறது.