நாற்பத்தோராம் மரம்

வனத்துறை இயக்குநர் இரங்கல் உரையின் மூன்றாவது தாளைப் புரட்டியபோது மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை. கூடத்தின் நடுவே அப்பா, வாழ்நாளில் முதல் முறையாக ஒரு சொற்பொழிவைக் குறுக்கிடாமல் கேட்டபடி படுத்திருந்தார்.

"வனத்தின் ஆன்மாவோடு உரையாடியவர்!" என்றார் இயக்குநர்.

அப்பா உரையாடியதெல்லாம் ஏணியோடுதான். முப்பது வருடமாக மரங்கொத்திக் கூடுகளைக் கண்காணித்து, குஞ்சுகளின் காலில் எண் வளையம் மாட்டியவர். அலுவலகம் அனுப்பிய பேனரில் அவர் படத்துக்குப் பக்கத்தில் கொண்டையை விரித்து நின்றது மரங்கொத்தியே அல்ல, ஒரு கொண்டலாத்தி.

"இதப் பாத்திருந்தா எந்திரிச்சு வந்து திருத்தியிருப்பாரு" என்று அம்மா முணுமுணுத்தாள்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றுக் காலை ஏணியை ஜீப்பில் கட்டும்போதுதான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏணி இன்னும் ஜீப்பின் மேலேயே இருந்தது. அவருடைய நோட்டில் கடைசி வரி: 'மரம் 41. மூன்று குஞ்சு. பத்தாம் நாளுக்குள் வளையம்.' குஞ்சு பொரித்து இன்று பத்தாம் நாள். நாளைக்கு எடுக்கப் போனால் திமிறி அடிபட்டுவிடும். பத்தொன்பது வருடமாக அறுபடாமல் வந்த வம்சக் கணக்கு இந்த மூன்றோடு நின்றுபோகும். வேறொரு காட்டில் இதே வேலை பார்ப்பவளுக்கு அது தெரியாதா?

"அம்மா, இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"அடக்கம் மூணு மணிக்குத்தானே? வா, ஏணிய நான் பிடிக்கிறேன்."

வாசலில் அத்தை மறித்தாள். "அண்ணி! இந்த நேரத்துல எங்க கெளம்பிட்டீங்க?"

"இவரு பேசி முடிக்கறதுக்குள்ள வந்துடுவோம்."

'அந்த மரங்கொத்தியவே கட்டியிருக்கலாமே' என்று அப்பாவை முப்பது வருடம் இடித்தவள், இந்தக் காட்டில் ஒருநாளும் கால் வைக்காதவள், இப்போது நாற்பத்தோராம் மரத்தடியில் அம்மா ஏணியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். மகள் மேலே ஏறிப் பொந்துக்குள் மெல்லிய நூல் சுருக்கை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். இரண்டு குஞ்சுக்கு மாட்டியாயிற்று. மூன்றாவதன் காலைப் பிடித்து வளையத்தை வைத்தாள். இடுக்கி வழுக்கியது.

"மூச்ச விட்டுட்டு அப்புறம் அமுக்கு" என்று கீழிருந்து குரல் வந்தது. "கால இழுக்காத, வளையத்த காலுக்குக் கொண்டு போ."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"தூக்கத்துலயும் இதத்தானே உளறுவாரு மனுஷன்."

மகள் மூச்சை விட்டாள். வளையம் மூடிக்கொண்டது.

மூன்றையும் பொந்தில் விட்டு இறங்கியதும் நோட்டை நீட்டினாள். 'ஏணி பிடித்தவர்' என்ற கட்டத்தில், மேலிருந்து கீழ்வரை, அப்பா ஒவ்வொரு வரியிலும் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். பிடிக்க ஆள் கிடையாது; ஏணியை மரத்தோடு கயிற்றால் கட்டிவிட்டுத்தான் ஏறுவார். அம்மா அந்தக் கோடுகளைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு பேனாவை வாங்கி, தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

தாய்ப்பறவை வாய் நிறைய எறும்போடு பக்கத்துக் கிளையில் வந்து காத்திருந்தது. இருவரும் ஏணியைச் சாய்த்து வழிவிட்டார்கள்.