ஈரம் படக்கூடாத கால்கள்

கொட்டும் மழையில் பாடை தெருமுனை திரும்பி மறைவதற்குள் குஞ்சம்மாளின் நாத்தனார் நாகம்மாள் முதல் குடத்தைக் கூடத்தில் கவிழ்த்துவிட்டாள். பிணம் எடுத்த வீட்டை உடனே கழுவிவிட வேண்டும். குஞ்சம்மாள் சுவரில் சாய்ந்தபடி தண்ணீர் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்திருந்தாள். இப்போது கோபம்தான் மிச்சம்.

யார் மேல் கோபம் என்றால், முதலில் செத்துப்போன புருஷன் மேல்தான். முப்பது வருஷம் செஞ்சியில் ஜட்கா வண்டி ஓட்டிய தாண்டவராயனுக்குப் பெண்டாட்டி சொல்லைக் காதில் போட்டுக்கொள்ள மட்டும் தெரியாது. அந்த அறுபத்து நாலாம் வருஷத்து ஐப்பசி மழையில் சேற்றிலேயே நின்று நின்று, செவலைக் குதிரைக்கு நாலு காலிலும் குளம்புக்கு மேலே தோல் வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் களிம்பு கொடுத்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். தண்ணீர் படக்கூடாது, காய வேண்டும். இவன் கேட்டானா? சவாரி முடிந்து வந்ததும் குடம் குடமாய் ஊற்றித் தேய்த்துக் கழுவினான். குதிரையைச் சுத்தமாக வைத்துக்கொள்பவன் என்று ஊரில் அவனுக்குப் பெயர். அந்தப் பெயரை விட அவனுக்கு மனசு வரவில்லை.

"டாக்டரு இன்னா சொன்னாரு, நீ இன்னா செய்யுற?" என்று நேற்று கேட்டாள்.

"அவரு மாட்டுக்குப் படிச்சவரு. குதிரையப் பத்தி எனக்குத் தெரியும். நீ உள்ள போ."

அவளிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அவள் உள்ளே போனாள். அவன் குனிந்து பின்னங்கால் பொருக்கை நகத்தால் பிய்த்தான். வலி பொறுக்காமல் குதிரை விட்ட உதை அவன் நெஞ்சில் விழுந்தது. அவனுடைய ஜட்காவிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே குதிரைதான் அந்தப் புண்ணோடு ஓடிற்று. பாதி வழியில் அவன் மூச்சு அடங்கிவிட்டது.

நாலாவது குடமும் கவிழ்ந்தது. தண்ணீர் கூடம் தாண்டி, பின்வாசற்படி இறங்கி, குதிரைக் கொட்டாய்க்குள் போய்த் தேங்கியது. பள்ளம் அங்கேதான். குதிரை ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது.

"போதும் நாகம்மா. கொட்டாய்ல தண்ணி நிக்குது."

"நிக்கட்டும். எங்கண்ணனக் கொன்ன குதிரை, காலு அழுவியே சாவட்டும். சுடுகாட்லேர்ந்து வந்ததும் மலைக்கு அந்தாண்ட வெரட்டிவுடச் சொல்லி எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கறேன்."

காலையிலிருந்து குஞ்சம்மாளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அதற்கு ஒரு பிடி புல் போடவில்லை. நாத்தனார் வாயில் அது வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"குதிரையா கொன்னுச்சி? உங்கண்ணன் புடிவாதம் கொன்னுச்சி."

"பொணம் போன வூட்ல பேசற பேச்சா அண்ணி இது?"

"இருக்கறப்பவும் பேசவுடல. செத்தப்புறமும் பேசக்கூடாதா?"

நாகம்மாள் அடுத்த குடத்தைத் தூக்கினாள். குஞ்சம்மாள் அதைப் பிடுங்கித் தெருவில் கொட்டினாள். பின்பக்கம் போய், கூரைக்குக் கீழே மேட்டில் நின்ற ஜட்காவை ஏர்க்காலைப் பிடித்துத் தனியாளாக மழையில் இழுத்துவிட்டாள். அது நின்ற இடம் காய்ந்து கிடந்தது. குதிரையை அவிழ்த்து வந்து அங்கே கட்டினாள்.

துடைக்கத் துணி வேண்டும். வண்ணானுக்குப் போட எடுத்து வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து அவனுடைய வேட்டியை உருவினாள்.

"அண்ணி, அது செத்தவங்க துணி."

"தெரியுது."

வேட்டியை நீளவாக்கில் கிழித்தாள். கிழியும் சத்தம் நன்றாக இருந்தது. முன்னங்கால் இரண்டையும் துடைத்தாள். பின்பக்கம் போய், நேற்று அவன் குனிந்த மாதிரியே குனிந்தாள். குதிரை காதை மடக்கியது.

"ஒதைக்கறதுன்னா ஒத," என்றாள். "நான் தேய்க்க மாட்டேன்."

பொருக்கைக் கிள்ளாமல் துணியை மெல்ல ஒற்றினாள். கால் உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது. நாகம்மாள் வெறுங்குடத்தோடு பின்வாசற்படியில் நின்றுவிட்டாள்.

பிறகு குளம்பு காய்ந்த மண்ணில் இறங்கியது. குஞ்சம்மாள் வேட்டியில் இன்னொரு துண்டைக் கிழித்தாள்.