காற்றுக்கு ஐந்து கேட்

நாக்கில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்த பிறகு, வேதாசலம் முதன்முதலில் காகிதத்தில் எழுதிக் காட்டிய கேள்வி, ‘கேட்டுக்கு எப்போது போகலாம்?’ என்பதுதான். உயிர் பிழைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்தில் நின்ற காஞ்சனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டியைவிட ரயில்வே கேட் பெரிதாகப் போயிற்றே என்று மனசுக்குள் திட்டிவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

ஆனால் அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. தாத்தா வடாற்காட்டிலிருந்து செகந்திராபாத் ரயில்வே ஒர்க் ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர், அப்பாவும் ரயில்வே. வேதாசலம் இருபத்தெட்டு வருஷமாகப் போலாரத்துக்கு அப்பால் ஒரு கேட்டில் கேட்மேன். கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடம் உள்ள தாளைப் பார்த்து, இரண்டு இலக்க ரகசிய எண் ஒன்றைப் போனில் ஹிந்தியில் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் காதால் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் வண்டிக்கு சிக்னல். ஜர்தாப் புகையிலை மென்று நாக்கில் புற்றுப் புண்ணை வாங்கிக்கொண்ட மனிதருக்கு, அந்த எண்ணைச் சொல்ல இனி நாக்கு போதவில்லை. ஐந்து மாத லீவுக்குப் பின் மாஸ்டர் போனில் இருபது எண் கேட்பாராம். விளங்கினால் கேட். விளங்காவிட்டால் ஸ்டோரில் ஒரு மூலையில் உட்கார வேண்டியதுதான். அங்கே உட்காருவதற்கு வேலையை விட்டுவிடுவேன் என்று அதையும் எழுதிக் காட்டினார்.

செகந்திராபாத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஆக்னஸிடம் போனார்கள். திருநெல்வேலிப் பெண். ஹைதராபாத் வந்து பத்து வருஷமாகியும் அவள் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை.

“காத்து தடையில்லாம வெளிய வந்தா அது உயிரெழுத்து. அத எங்கயாவது மறிச்சாத்தான் மெய்யெழுத்து, அண்ணாச்சி. எங்க மறிக்கோம், எப்படி விடுதோம், தொண்டை அதிருதா இல்லையா. இந்த மூணுதான் சங்கதி.”

க, ச, ட, த, ப என்று சொல்லச் சொன்னாள். காஞ்சனாவும் கூடவே சொல்லிப் பார்த்தாள். முதலில் நாக்கின் அடிப்பகுதி மேலே போய் முட்டியது, பிறகு நடுநாக்கு, பிறகு நுனி மடிந்தது, பிறகு பல்லைத் தொட்டது, கடைசியில் உதடு மூடியது. பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் படித்த வரிசை, தொண்டைப்பக்கத்திலிருந்து வாசல்வரை வருகிற பாதை என்று நாற்பத்தொன்பது வயதில் தெரிந்துகொண்டாள். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது, ம-வுக்குக் காற்று மூக்கு வழியே தப்பிக்கிறது என்று ஆக்னஸ் சொன்னதும், வேதாசலம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘அம்மா’ சொல்லிப் பார்த்துத் திணறினார். பிறகு ஐந்து விரலைக் காட்டி, குழறலாக, “அஞ்சு கேட்டு” என்றார். மூன்று மாதத்தில் அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தாள்.

முதல் கேட்டும் கடைசிக் கேட்டும் பழுதில்லை. நடுவில் உள்ள மூன்றுக்கும் தடுப்புக் கட்டை இல்லை, அவ்வளவுதான். நாக்கு எட்டாத இடத்தில் கீழுதட்டை மேல்பல்லில் வைத்து மறிக்கலாம் என்று ஆக்னஸ் வழி சொன்னாள். தினமும் இருபது எண். அவர் சமையலறையிலிருந்து போனில் சொல்ல வேண்டும்; காஞ்சனா உள்ளறையில் உட்கார்ந்து காதில் விழுந்ததை மட்டும் எழுத வேண்டும்.

முதல் நாள் ஏழு சரி. வேதாசலம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து போவன்பள்ளி மார்க்கெட்டில் சுரைக்காய் விலை கேட்டார். கடைக்காரன் புரியாமல் என்ன என்று கேட்டான். அவர் வாயை மூடிக்கொண்டு காஞ்சனாவைப் பார்த்தார். அவள் கேட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு யாராவது ஒரு தரம் ‘என்ன?’ என்றால் போதும், அன்றைய பேச்சு முடிந்தது.

காஞ்சனாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவர் எண் எழுதிய தாள் அடுப்பு மேடையிலேயே கிடக்கும். டீ போடுகிற சாக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குப் பதினொன்று. மறுநாள் பதிமூன்று. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். அப்படிப் பார்த்தால் தனக்கு இன்னும் தொள்ளாயிரத்துச் சொச்சம் பொய் மீதி இருக்கிறது என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பத்தொன்பது வந்த நாளில் வேதாசலம் முடி வெட்டிக்கொண்டு வந்து, இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். நல்ல மனசோடு செய்கிற தப்புக்கு ருசி அதிகம். அவளும் ருசித்தாள்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தபோது ஆக்னஸ் தானே போன் செய்து இருபது எண் கேட்டாள். ஒன்பதுதான் சரி. காஞ்சனா தினமும் எழுதி வந்த நோட்டை வேதாசலம் புரட்டினார். பத்தொன்பது, பதினெட்டு, பத்தொன்பது. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் மறைக்கவில்லை. பார்த்துத்தான் எழுதினேன், நீங்கள் சோர்ந்து போவதைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லி அழுதாள்.

அவர் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். திட்டவில்லை. ஒவ்வொரு எழுத்தாக உதட்டால் மறித்து, நெடுநேரம் எடுத்துச் சொன்னார்.

“நான் தப்பா சொன்னா வேலதான் போவும். தப்ப சரின்னு எழுதுனா உசுரு போவும். அப்டி நக்கோ, வேணாம்.”

மறுநாள் அவர் சொன்ன முதல் எண், உள்ளறையில் போனைக் காதில் வைத்திருந்த காஞ்சனாவுக்குப் பிடிபடவில்லை. கட்டின புருஷன் பேசுவது விளங்கவில்லை என்று அவர் காதுக்கே சொல்ல வேண்டும். “புரியலங்க” என்றாள். அவர் திரும்பச் சொன்னார். அன்றைக்குப் பதிமூன்று தரம் ‘புரியலங்க’ சொல்லி, பதிமூன்று தரமும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் வாயை மூடிக்கொள்ளவில்லை. முப்பது நாளில் ஏழு பத்தாகி, பத்து பதினாறாகி, அங்கேயே நின்றது. மிச்சம் நான்கைத் திரும்பச் சொல்லிப் பிழைத்துக்கொள்ளலாம், மாஸ்டர் திரும்பக் கேட்டால் பதறக் கூடாது, அதுதான் முக்கியம் என்றாள் ஆக்னஸ்.

பரீட்சையன்று வேதாசலம் கேட்டில் இருந்தார். இப்போது அங்கே வேலை பார்க்கிற சுனில் பக்கத்தில் நின்றான். காஞ்சனாவை மாஸ்டர் தன் அறையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டார். பதின்மூன்று எண் தடங்கலில்லாமல் போயிற்று. பதினான்காவது, ஏழு இரண்டு. ‘சாத், தோ.’ இரண்டுமே நாக்கு நுனி கேட்கிற எண்கள். மாஸ்டர் பேனாவை நிறுத்தினார். விளங்கவில்லை, திரும்பச் சொல் என்றார்.

காஞ்சனாவுக்கு விளங்கியது. எந்தத் தாளையும் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டு விளங்கியது. ஏழு இரண்டு என்று வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. அந்த மௌனத்தில் அவள் கும்பிடாத சாமி இல்லை. மாஸ்டர் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

குரல் மறுபடி வந்தது, முன்னைவிட மெதுவாக. மாஸ்டர் 72 என்று எழுதினார்.

அப்புறம் இரண்டு தரம் திரும்பக் கேட்டார். இரண்டு தரமும் வேதாசலம் திரும்பச் சொன்னார். இருபதும் முடிந்ததும் மாஸ்டர் தன்னிடமிருந்த தாளோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டு, அடுத்த வண்டிக்கு நீயே கேட்டை மூடு, சுனில் கூட இருந்து பார்க்கட்டும் என்று போனில் சொன்னார். பிறகு போனைக் காஞ்சனாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, பேச வராமல் விம்மினாள்.

“அழுவாத. போன வெய்யி, வண்டி வருது” என்றார் வேதாசலம்.

அவள் வைத்தாள்.