டர்போவுக்கு ஐந்து நிமிடம்

எங்கள் முதலாளி ராஜமணிக்கு டீசல் என்றால் உயிர். ஊற்றுவதில் அல்ல, மிச்சம் பிடிப்பதில். எண்பத்து மூன்றாம் வருடத்துப் பஞ்சத்தில் மயிலாடும்பாறைப் பக்கம் பவுனு என்ற அம்மாளின் முருங்கைத் தோட்டத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தோம். நூற்றெண்பது அடி இறங்கியிருந்தது. நான் வெற்றிலை போட ஒதுங்கிய நேரம் பார்த்து, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் எஞ்சினை அவரே பட்டென்று அணைத்துவிட்டார். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதாம், சும்மா எதற்கு எரியணுமாம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பக் கிளப்பினால் எஞ்சின் இழுக்கவில்லை. கறுப்புப் புகை மட்டும் வண்டி வண்டியாக வந்தது.

டர்போ போய்விட்டது. நத்தைக்கூடு மாதிரி எஞ்சினின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் சாமான் அது. வெளியே போகிற புகையின் வேகத்தில் அதற்குள் ஒரு சக்கரம் சுற்றும், அது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான். வேகமாக ஓடின எஞ்சினை அப்படியே அணைக்கக்கூடாது. ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, சூடு தணிந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் நின்றுபோய், தண்டு அந்தச் சூட்டிலேயே தீய்ந்து இறுகிவிடும். இதை முதலாளியிடம் நூறு தரம் சொல்லியிருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்பது வருடமாக எனக்கு எதுவும் ஒழுங்காக வருவதில்லை. கோபம், பசி, தூக்கம் எதுவானாலும் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மணியைப் பார்த்துச் சாப்பிடுகிற ஆள் நான்.

காற்று நின்றால் குழிக்குள் கல்தூள் இறங்கி, துளை போடுகிற ராடைக் கவ்விக்கொள்ளும். இரண்டு நாளுக்குள் காற்று கொடுக்காவிட்டால் முதலாளியின் ராடும் போச்சு, பவுனின் போரும் போச்சு. அந்த அம்மாள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "மெதுவாவே போயிட்டு வாங்கப்பா, ஆனா நாளைக்குள்ள வந்துருங்க" என்று மட்டும் சொன்னாள். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டே பஸ் ஏறினார். நானும் ஏறினேன்.

புது டர்போவுக்கு மெட்ராஸுக்கு எழுதிப் போட்டு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் தேனியில் ஜேசுராஜின் காயலான் கடைக்குப் போனோம். ஜேசுராஜ் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து உருக்கமாகப் பாடுகிறவர், மற்ற ஆறு நாளும் இரும்புக்கு நடுவில் உட்கார்ந்து வாய்கூசாமல் பொய் சொல்கிறவர். எங்கள் பக்கத்தில் பழைய சாமான் வாங்கப் போனால், நல்லாயிருக்கா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார்கள். முதலாளியும் கேட்டார்.

"ரத்தம் பட்ட மிசினா?"

"அய்யய்யோ, அப்பிடிச் சாமான நான் வாங்கவே மாட்டேன் அண்ணாச்சி. மலைமேல குகை வேல முடிஞ்சு ஏலத்துல வந்த கம்ப்ரஸரு. ஒரு ஆளுக்கு நகம் பேந்துச்சுன்னு இல்ல. அந்தா, அங்கன கொட்டாய்க்குள்ள கிடக்கு. அழகரு, போய்ப் பாருங்க."

போனேன். மஞ்சள் பெயின்ட் உரிந்து, டயர் இல்லாமல் கல்லில் உட்கார்ந்திருந்தது. டர்போவை ஒட்டி ஒரு கட்டுக்கம்பியை வளைத்து முறுக்கியிருந்தது. தூக்குவாளியை மாட்டிச் சூடு பண்ணுவதற்கான கொக்கி. முறுக்கின கை என்னுடையது. அந்தத் தூக்குவாளியில் இருந்த காப்பி என் அண்ணனுக்கு.

அண்ணன் பெயர் சின்னக்கருப்பு. மலையைக் குடைந்து குகைப்பாதை போடுகிற ஒரு கான்ட்ராக்டரிடம் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அவன் குகைக்குள்ளே பாறையில் துளை போடுகிற ஆள். அவனுடைய மிஷினுக்கு இரும்புக் குழாய் வழியாகக் காற்று அனுப்புகிற கம்ப்ரஸர் வெளியே, என் கையில். ஒருநாள் காலையில் குகை நடுவில் இடிந்து விழுந்தது. அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். குழாய் உடையவில்லை. அவர்கள் உள்ளேயிருந்து குழாயைத் தட்டினார்கள், இங்கே கேட்டது. நான் காற்று அனுப்பிக்கொண்டே இருந்தேன். முப்பது மணி நேரம் அந்த எஞ்சினை விட்டு நகரவில்லை. ராத்திரியோடு தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. மறுநாள் சாயங்காலம் இன்ஜினியர் வந்து, "போதும்ப்பா, நிறுத்திரு" என்றார். நிறுத்தினேன். ஏழாம் நாள் வெளியே எடுத்தார்கள். எந்த நேரத்தில் செத்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குமேல் அந்தக் குகையில் வேலை நடக்கவில்லை. மிஷினையும் யாரும் தொடவில்லை, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அண்ணன் பெண்சாதி அய்யம்மாள் மதினி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தாளு சொன்னதும் பட்டுனு நிறுத்திட்டியா தம்பி? செத்த நேரங்கூட ஓட வைக்கலையா?" எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் இன்ஜினியரின் வாய் அசைந்ததற்குப் பிறகு எதுவுமே இல்லை. தெரியலை என்றேன். மதினி அன்றைக்கு மூடின வாய்தான். சண்டையெல்லாம் கிடையாது. போனால் சோறு போடுவாள், பேச மாட்டாள். அவள் கேட்டதையே ஒன்பது வருடமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காயலான் கடையில் ஸ்பானரைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. பதில் இதற்குள்ளே இருக்கிறது. முப்பது மணி நேரம் முழு லோடில் ஓடின எஞ்சினை நான் பட்டென்று அணைத்திருந்தால் இந்தத் தண்டு அன்றைக்கே தீய்ந்திருக்கும்.

கழற்றினேன். சக்கரத்தின் மேலே லேசாகத் துரு. விரலால் தள்ளினால் முதலில் முரண்டு பிடித்தது. கொஞ்சம் டீசல் விட்டுக் காத்திருந்து மறுபடியும் தள்ளினேன். சுற்றியது. விரலை எடுத்த பிறகும் சுற்றியது. தண்டில் ஆட்டம் இல்லை, ஆயில் போகும் ஓட்டையில் கருகல் இல்லை. எழுந்து போய்க் காற்று வால்வைப் பார்த்தேன். கைப்பிடி குழாயோடு நேராக நின்றது. திறந்தபடியே விட்டிருக்கிறேன்.

அப்படியானால் ஐந்து நிமிடம் வைத்திருக்கிறேன். அண்ணன் உள்ளே கிடக்க, நான் வெளியே உட்கார்ந்து மிஷினுக்குச் சூடு தணிய விட்டிருக்கிறேன். சந்தோஷப்படுவதா, என்னைச் செருப்பால் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டும் வரவில்லை. துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன்.

"எப்பிடிரா இருக்கு?" என்றார் முதலாளி.

"யாரோ நல்லாப் பாத்துட்டு வச்சிருக்காக முதலாளி. எடுத்துக்கலாம்."

ரத்தத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முதலாளி அந்த நிமிடமே பஸ் ஏறிவிடுவார். பவுனின் போர் மூடிப்போகும்.

மறுநாள் மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டோம். முதலாளி எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போட்டார். கிளப்பினேன். வேகம் ஏற ஏற டர்போ விசிலடித்தது. எனக்குத் தெரிந்த விசில்தான். ராடு இரண்டு தரம் உதறிவிட்டு விடுபட்டது. இருநூற்றுப் பத்து அடியில் சேறும் இருநூற்று முப்பதில் தண்ணீரும் பீய்ச்சி அடித்தது. பவுனு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"போதும் அழகரு, நிறுத்து" என்ற முதலாளி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிரா, அஞ்சு நிமிசம் வச்சுட்டே நிறுத்து" என்றார்.

வேகத்தைக் குறைத்தேன். தண்ணீர் மெதுவாகப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பவுனு ஒரு குடம் பிடித்து வைத்தாள், இரண்டாவது குடமும் பிடித்தாள். முகம் கழுவினாள். ஆட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து குடிக்க வைத்தாள். ஒரு மரத்துக்கு மண்ணை ஒதுக்கி வாய்க்கால் இழுத்துவிட்டு, ஓடிவந்து மறுபடியும் ஒரு கை அள்ளிக் குடித்தாள். ஐந்து நிமிடம் அப்போதும் முடியவில்லை. அது இத்தனை நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். மதினி திராட்சைத் தோட்டத்துப் பந்தலுக்குக் கீழே கொடி கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், வேலையைத் தொடர்ந்தாள்.

"மதினி, அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீகள்ல. பட்டுனு நிறுத்தல. அஞ்சு நிமிசம் வச்சிருக்கேன். அந்த மிசினு இப்ப கைக்கு வந்துச்சு, கழட்டிப் பாத்தேன்."

அவளுடைய கை நின்றது.

"எதுக்கு வச்ச?"

அண்ணனுக்காக என்று சொல்லலாம். வழியெல்லாம் பஸ்ஸில் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"மிசினு கெட்டுறக் கூடாதுன்னு வச்சிருப்பேன் மதினி. கை பழக்கம்."

மதினி கையிலிருந்த நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள். அடுத்த முடிச்சுக்குப் போகவில்லை.

"எதுக்கோ வச்ச. காத்துக் கொழாய அடைச்சுட்டியா?"

"இல்ல. தொறந்துதான் இருந்துச்சு. அதையும் பாத்துட்டேன்."

"அப்ப அவுகளுக்குக் காத்து போயிருக்கும்."

"போயிருக்கும் மதினி."

"அஞ்சு நிமிசம்."

"அஞ்சு நிமிசம்."

அவள் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். சத்தம் போடாமல் அழுதாள். எனக்கும் கண்ணிலிருந்து வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. நெடுநேரம் கழித்துத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா தம்பி?"

"இல்ல மதினி, பசிக்குது" என்றேன். நிஜமாகவே பசித்தது.