மேலே போன மிஸ் பெல் லேண்டிங்

லீலண்ட் க்ரூட்ஸ் ஜூலை மாதக் கோப்பைப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், இரண்டாவது திருப்பத்தில் படகோடு மேலே போனான், கீழே வரவில்லை. இந்த ஜாதிப் படகுகள் வேகம் பிடித்தால் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும்தான் ஓடும். பழைய போர் விமான எஞ்சினை வேறு பூட்டியிருப்பார்கள், அடியில் காற்று புகுந்தால் தூக்கிவிடும். தூக்கியது கவிழும், ஓட்டியவன் சாவான். ஒஹையோ ஆற்றங்கரையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அவன் படகு 'மிஸ் பெல் லேண்டிங்' மாதா கோயில் கோபுர உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. பின்னால் பீய்ச்சிய தண்ணீரும் வெள்ளை வாலாக வானத்தில் நின்றது.

சிவப்புக் கொடி காட்டியிருந்தால் பந்தயம் அங்கேயே நின்றிருக்கும். காட்டவில்லை. நின்றால் முந்தின சுற்றின் கணக்குதான் செல்லும் என்பது விதி. முந்தின சுற்றில் டெட்ராய்ட் படகு முன்னால் இருந்தது. மேலே போவதற்குக் கொஞ்சம் முன்புதான் லீலண்ட் அதைத் தாண்டியிருந்தான். ஊரே பணம் போட்டுக் கட்டிய படகு, கோப்பையை விட மனசு வருமா? கமிட்டித் தலைவர் ஸ்ட்ரவுட் கொடியைத் தன் ஆணிக் கடையில் வைத்துப் பூட்டினார். லீலண்டின் மனைவி ஆர்டித் போய்க் கொடியைக் காட்டச் சொல்லிக் கேட்டாள்.

"ஏம்மா, அவன் இன்னும் ஓட்டிட்டுத்தானே இருக்கான்? ஓட்டுறவனை நிறுத்தச் சொல்றியே!" என்றார் ஸ்ட்ரவுட்.

"என் புருஷனை இறக்கி விடுங்க சேர்மன். உசுரோடயோ, பொணமாவோ."

வருஷங்கள் போயின. நிலக்கரிப் படகுகள் அவனுக்கு அடியில் போய் வந்தன. சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன, பாதி ஊருக்குக் காது மந்தமானது. "ஆர்டித் வறுக்கிற கெளுத்தி மீனுக்குப் பயந்துதாம்பா இறங்க மாட்டேங்கிறான்" என்று மதுக்கடையில் சிரித்தார்கள், பாவிகள். அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. சமையலறை ஜன்னலில் அவன் வெள்ளை ஹெல்மெட் தெரியும். அது எப்போதும் நடுவர் மேடையையே பார்த்திருப்பதை ஒன்பதாவது வருஷத்தில்தான் கவனித்தாள். "கொடி பார்க்காம ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்கிறவன் தூண்டில் போடப் போகலாம்" என்று மற்றவர்களைக் கிண்டல் செய்தவன் அல்லவா? கொடிக்குத்தான் காத்திருக்கிறான், கிறுக்கன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் பிரார்த்தனையில் இருந்தபோது, சிவப்புப் படுக்கை விரிப்பைத் துடைப்பக் கட்டையில் கட்டிக்கொண்டு மேடையேறினாள். இறங்கினால் என்ன ஆகும் என்று தெரியாமலா ஏறினாள்? அதைக் கொடியாக ஆட்டினாள். லீலண்ட் கொடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு காலை எடுத்தான்.

சட்டென்று விழுந்த அமைதியில் பாதிரியாரின் குரல் தெரு முனை வரை கேட்டது. அதன்பின் ஆற்றில் படகு விழுந்த சத்தம். விதிப்படி கோப்பை டெட்ராய்ட்டுக்குப் போனது. உள்ளூர்க்காரன் ஒருவனும் சவ அடக்கத்துக்கு வரவில்லை, அவ்வளவு ஆத்திரம். பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் ஆர்டித்தே ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் பிடித்தவன் டெட்ராய்ட் படகை அன்று ஓட்டியவன். வழியெல்லாம் தேம்பிக்கொண்டே வந்தான்.

வானத்தில் நின்ற தண்ணீர் மட்டும் படகோடு விழவில்லை. மெல்ல நகர்ந்து ஆர்டித்தின் வீட்டுக்கு மேலே வந்து பெய்யத் தொடங்கியது, அந்த ஒரு வீட்டில் மட்டும், எண்ணெய் வாசனையோடு. பக்கத்து வீட்டில் துணி காயும். இலையுதிர் காலத்தில் ஸ்ட்ரவுட் தொப்பியைக் கையில் பிடித்தபடி வேலி வரை வந்தார்.

"கூரை ஒழுகுதாமே. தகரம் அனுப்பட்டுமா?"

"வேணாம். ஒழுகட்டும்" என்றாள் ஆர்டித். "ஒன்பது வருஷம் கழிச்சு வீட்டுக்கு வந்திருக்காரு."

ஸ்ட்ரவுட் தலையாட்டிவிட்டுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். இன்னும் பெய்கிறது. தபால்காரன் அந்த வாசலுக்கு மட்டும் குடை விரிக்கிறான்.