நகுலேஸ்வரியின் கழுத்தில் நீலக்கோடு

2019 மார்ச்சிலிருந்து, கழுத்து வழியாக இதயம்வரை குழாய் விடப்பட்ட நோயாளியின் கோப்பைத் திறந்தால், எங்கள் மோர்டனில் இருக்கும் நகுலேஸ்வரியின் கழுத்திலும் அதே பாதையில் ஒரு நீலக்கோடு எழும். நோயாளியின் உடம்பில் எதுவும் மிச்சமில்லையென்றால் கோப்பை மூடும்போது அது மறைந்துவிடும். முதலில் தோல் வருத்தம் என்று ஒரு கிரீம் கொடுத்தார்கள். பிறகு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் நிலக்கீழ் அறையில் இருந்து, டொக்டர்மார் எழுதியதை வாசித்து ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவது அவர் வேலை. எழுதாததை ஊகிக்கக் கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். பத்தொன்பது வருடத்தில் நகுலேஸ்வரி ஒருதடவையும் ஊகித்ததில்லை. தேநீரில் சீனி இருக்கிறதா என்றுகூட ஊகிக்கமாட்டார் என்பது கணவர் குகதாசனின் முறைப்பாடு.

போன ஒக்டோபரில், ஹவுன்ஸ்லோவில் இருக்கும் மரியநாயகி என்ற நோயாளியின் கோப்பை மூடியும் கோடு மறையவில்லை. மரியநாயகி வீட்டுக்குப் போய் மூன்று நாளாகியிருந்தது. குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியை உள்ளே விட்டதாக எழுதியிருந்தது. வெளியே எடுத்ததாக எழுதவில்லை. வேறு யாரும் என்றால் எடுத்திருப்பார்கள் என்று விட்டிருப்பார்கள். நகுலேஸ்வரி, குழாய் விட்ட டொக்டர் அபிஷேக்குக்கு போன் எடுத்தார்.

“கம்பி வெளியில வந்தது எண்டு எழுதேல்ல, டொக்டர்.”

“எடுத்திருப்பேன்ங்க. எழுத மறந்திருப்பேன்.”

“எடுத்திருப்பன் எண்டதுக்குக் குறியீடு போட ஏலாது. வந்து பாருங்கோ.”

கோயம்புத்தூர்ப் பிள்ளையான அபிஷேக் எரிச்சலோடு பேனாவும் கையுமாக இறங்கி வந்தார். ஒரு வரி எழுதியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும், மரியநாயகியும் முடிந்திருப்பார். ஆனால் நகுலேஸ்வரியின் காதடியிலிருந்து கொலருக்குள் இறங்கிய கோடு துடித்துக்கொண்டிருந்தது. அபிஷேக் பேனாவை வைத்துவிட்டு மரியநாயகியின் ஹவுன்ஸ்லோ வீட்டுக்கு போன் எடுத்து அவரை வரச் சொன்னார். அன்று மாலை எக்ஸ்ரேயில், ஒன்றரை முழக் கம்பி இதயத்துக்குள் நுனி நீட்டியபடி கிடந்தது. மறுநாள் காலை பதினொன்று இருபதுக்கு அதை எடுத்தார்கள். அதே நேரம் கன்டீனில் வரிசையில் நின்ற நகுலேஸ்வரியின் கழுத்து வெறுமையானது. அபிஷேக் தன் பிழையை ஒன்றும் மறைக்காமல் எழுதிக் கையெழுத்திட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுகமானதும் மரியநாயகி, கழுத்துக் கதையைக் கேள்விப்பட்டு, அந்த நிலக்கீழ் அறையைத் தேடி வந்தார்.

“எங்க பிள்ளை, கழுத்தைக் காட்டுங்கோ.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தார். “ஒண்டும் இல்லை. அப்ப நான் நல்லாயிருக்கிறன்.”

மோர்டனில் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது அந்த ஆஸ்பத்திரியின் படிவத்தில், ‘நகுலேஸ்வரியின் கழுத்து பார்க்கப்பட்டது’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரிய டொக்டர்மாரும் இறங்கி வந்து, பார்த்து, சரி போடுகிறார்கள். அவர் லீவில் நிற்கும் நாட்களில் எக்ஸ்ரே எடுத்துச் சமாளிக்கிறார்கள்.